அடுப்படியும் ஒரு மறைக்கல்விக்கூடம்

சில ஆண்டுகளுக்கு முன் டெங்குக் காய்ச்சல் பரவியிருந்த ஒரு மழைக்காலம். எங்கள் பங்கைச் சேர்ந்த ஒரு தாய் ஐந்து நாள்கள் மருத்துவமனையில் இருந்தார். தந்தைக்கு வளைகுடா நாட்டில் வேலை. வீட்டில் இரண்டு மகன்கள். ஒருவன் ஒன்பதாம் வகுப்பு, மற்றவன் ஆறாம் வகுப்பு. மூன்றாம் நாள் மாலை அன்பியப் பொறுப்பாளரோடு அந்த வீட்டுக்குப் போனேன். மேசையின்மேல் பிஸ்கட், சிப்ஸ் உறைகள் கிடந்தன. அருகில் பாதி காலியான பெரிய குளிர்பானப் பாட்டில். இளையவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தான்.

“சாப்பிட்டீங்களாப்பா?” என்று கேட்டேன். “காலையில பக்கத்து வீட்டு அக்கா இட்லி தந்தாங்க சாமி. மத்த நேரம் கடையில வாங்கிக்கிட்டோம். எங்களுக்குச் சமைக்கத் தெரியாது” என்றான் மூத்தவன்.

அடுக்களைக்குள் சென்று பார்த்தோம். டிரம் நிறைய அரிசி, டப்பாக்களில் துவரம்பருப்பும் பாசிப்பயறும், ஒரு கூடையில் முட்டை. கொல்லையில் ஒரு முருங்கை மரம் தழைத்து நின்றது. பசியோடு இருந்த அந்தப் பிள்ளைகளைச் சுற்றி எங்கும் உணவுதான். அதைத் தொட்டு உணவாக்க அவர்களுக்கு யாரும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை, அவ்வளவே.

அந்தத் தாய் குணமாகி வந்தபின் கண்ணீரோடு சொன்னார்: “படிக்கிற பிள்ளைகளை எதுக்கு அடுப்படிக்கு விடணும்னு நினைச்சேன் சாமி.” அவர் பிள்ளைகள்மேல் வைத்த அன்பில் குறையில்லை. நம்மில் பெரும்பாலோர் அவரைப் போலத்தான் நினைக்கிறோம். பிள்ளைக்கு ஊட்டுகிறோம். சத்தான உணவைச் சாப்பிடும்படி கெஞ்சுகிறோம், மிரட்டுகிறோம். கரண்டியை மட்டும் கையில் கொடுப்பதில்லை. நல்ல உணவை விரும்பி உண்ணப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கும் வழி, அதைச் சமைக்கக் கற்றுக்கொடுப்பதுதான் என்பதை இக்கட்டுரையில் சிந்திப்போம்.

உயிர்த்த ஆண்டவர் மூட்டிய அடுப்பு

யோவான் நற்செய்தியின் இறுதி அதிகாரத்தில் ஓர் அழகிய காட்சி உண்டு. இரவு முழுவதும் வலைவீசிக் களைத்துக் கரையேறிய சீடர்களுக்காக, உயிர்த்த இயேசு கரியினால் தீ மூட்டி, அதன்மேல் மீனும் அருகே அப்பமும் வைத்துக் காத்திருக்கிறார் (யோவா 21:9-13). சாவை வென்ற ஆண்டவர் தம் நண்பர்களுக்குக் காலை உணவு சமைக்கிறார். அதோடு நின்றுவிடவில்லை. சீடர்கள் பிடித்த மீன்களிலும் சிலவற்றைக் கொண்டுவரச் சொல்கிறார். அவர்களது உழைப்பும் அந்த விருந்தில் சேர்கிறது.

யாயிரின் மகளை உயிர்ப்பித்தபின் இயேசு முதலில் சொன்னவற்றுள் ஒன்று, அவளுக்கு உண்ணக் கொடுங்கள் என்பது (மாற் 5:43). மூன்று மரக்கால் மாவில் புளிப்புமாவைப் பொதிந்துவைத்த பெண்ணை அவர் இறையாட்சிக்கு உவமையாக்கினார் (மத் 13:33). நாசரேத்து வீட்டில் அன்னை மரியா மாவு பிசைவதை அருகிலிருந்து பார்த்து வளர்ந்த பிள்ளையின் உவமை அது என்று எண்ணத் தோன்றுகிறது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் குடும்பத்தை ‘இல்லத் திருச்சபை’ என்று அழைக்கிறது. பெற்றோரே பிள்ளைகளின் முதன்மையான ஆசிரியர்கள் என்று கற்பிக்கிறது. அப்படியென்றால் வீட்டின் அடுப்படியும் ஒரு மறைக்கல்விக்கூடம்தான். அவிலாவின் புனித தெரேசா, சமையலறைப் பணியின் நடுவிலும் ஆண்டவர் உடனிருக்கிறார் என்று தம் சகோதரிகளுக்கு எழுதியதை இங்கே நினைவுகூர்வோம்.

முழு உணவு என்றால் என்ன?

‘முழு உணவு’ என்றால் நிலமும் கடலும் தந்த வடிவத்துக்கு நெருக்கமாக நம் தட்டுக்கு வரும் உணவு. தானியம், பயறு, கீரை, காய், கனி, கிழங்கு, மீன், முட்டை, பால் ஆகியவை இதில் அடங்கும்.

ஒரு நெல்மணியை எடுத்துக்கொள்வோம். உமியை நீக்கினால் உள்ளே தவிடு, முளைக்கரு, மாவுப்பகுதி என்று மூன்று பாகங்கள் உள்ளன. நார்ச்சத்தும் பி வகை வைட்டமின்களும் பெரும்பாலும் தவிட்டிலும் முளைக்கருவிலும் இருக்கின்றன. வெள்ளைவெளேரென்று தீட்டும்போது இந்த இரண்டும் போய்விடுகின்றன. நம் புழுங்கல் அரிசியில், நெல்லை அவிக்கும்போது சத்தின் ஒரு பகுதி உள்ளே இறங்கித் தங்கிவிடுகிறது. நம் முன்னோர் புழுங்கல் அரிசியை உண்டதில் பொருள் இருந்தது.

இதை உலகம் அறிந்துகொண்டதற்குப் பின்னால் ஒரு சமையல்காரரும் இருக்கிறார். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஜாவாத் தீவில் எய்க்மான் என்னும் டச்சு மருத்துவர் பெரிபெரி நோயை ஆய்வு செய்துகொண்டிருந்தார். அவர் வளர்த்த கோழிகள் திடீரென்று கால் தளர்ந்து விழுந்தன. சில மாதங்களில் தாமாகவே தேறின. விசாரித்தபோது உண்மை தெரிந்தது. நோய் வந்த காலத்தில் அவற்றுக்கு இராணுவ மருத்துவமனையில் மீந்த தீட்டிய அரிசிச் சோறு போடப்பட்டிருந்தது. புதிதாக வந்த சமையல்காரர், படைவீரர்களின் சோற்றைக் கோழிகளுக்குத் தர மறுத்துவிட்டார். அதன்பின் கோழிகளுக்குத் தீட்டாத அரிசி கிடைத்தது, அவை பிழைத்தன. வைட்டமின்களைக் கண்டறிய வழிவகுத்த இந்த ஆய்வுக்காக எய்க்மானுக்கு 1929-இல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

சிறுதானியங்களும் அப்படியே. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அதே அளவு பசும்பாலில் இருப்பது சுமார் 120 மில்லிகிராம்தான். 2023-ஐ ஐக்கிய நாடுகள் அவை பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்ததும் இந்தியாவின் முன்முயற்சியால்தான். ஆனால் நம் பிள்ளைகளில் பலருக்குக் கம்பையும் கேழ்வரகையும் பார்த்து அடையாளம் சொல்லத் தெரியாது.

இதன் விளைவு கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை. வயிறு நிறைந்திருக்கிறது; உடலோ பசித்திருக்கிறது.

பானையில் என்ன இருக்கிறது?

எலிசா இறைவாக்கினர் காலத்தில் பஞ்சம் வந்தபோது, ஒருவர் காட்டுக்கொடியின் காய்களை இன்னவென்று அறியாமலேயே நறுக்கிப் பானையில் போட்டார். உண்டவர்கள் பானையில் சாவு இருக்கிறதென்று அலறினார்கள். எலிசா மாவைக் கொண்டுவரச் சொல்லிப் பானையில் இட்டபின் அந்தக் கூழ் உண்ணத் தகுந்ததாயிற்று (2 அர 4:38-41).

இன்ன பொருள் என்று தெரியாமலேயே உண்பது இன்று நம் வீடுகளில் அன்றாட வழக்கமாகிவிட்டது. கடையில் வாங்கும் உறையின் பின்புறம், அதிலுள்ள பொருள்கள் எடையில் அதிகமானது முதலில், குறைவானது கடைசியில் என்ற வரிசையில் அச்சிடப்பட்டிருக்கும். இதைப் பிள்ளைகளையே வாசிக்கச் சொல்லுங்கள். ‘கோதுமை பிஸ்கட்’ என்று முன்புறம் பெரிதாக எழுதியிருக்கலாம். பின்புறப் பட்டியலில் மைதாவும் சர்க்கரையும் பாமாயிலும் முன்வரிசையில் இருந்தால், உள்ளே அதிகமாக இருப்பவை அவைதாம். குளிர்பானங்கள் பலவற்றில் 100 மில்லிலிட்டருக்குச் சுமார் 10 கிராம் சர்க்கரை. 250 மில்லிலிட்டர் பாட்டில் என்றால் 25 கிராம், அதாவது ஐந்து தேக்கரண்டிக்குக் குறையாது. நம் பிள்ளை வீட்டுக் காப்பியில் ஐந்து கரண்டி சர்க்கரை போட்டுக்கொண்டால் நாம் சும்மா இருப்போமா?

ஒன்றை இங்கே ஒப்பிட்டுப் பார்ப்போம். திருப்பலிக்குரிய அப்பத்தில் என்ன இருக்கிறது? கோதுமை மாவும் தண்ணீரும் மட்டுமே. வேறெதுவும் கலக்கக்கூடாது என்பது திருச்சபையின் ஒழுங்கு. உலகிற்கு வாழ்வு தரும் திருவுணவாக மாறுவதற்கு ஆண்டவர் தேர்ந்துகொண்டது இரண்டே பொருள்கள் கொண்ட, ஏழை வீட்டிலும் செய்யக்கூடிய உணவு. காணிக்கையின்போது, நிலம் தந்ததும் மனிதர் உழைத்து ஆக்கியதுமாகிய அப்பத்துக்காகக் குரு இறைவனைப் போற்றுகிறார். மாவைத் தொட்டே பார்க்காத ஒரு குழந்தைக்கு அந்தச் சொற்கள் எப்படிப் புரியும்? முதல் நற்கருணை வகுப்பில் ஒருநாள் பிள்ளைகள் தாமே மாவு பிசைந்து சப்பாத்தி இட்டால், நாம் ஒரு மணி நேரம் விளக்குவதை அவர்களுடைய விரல்கள் கால் மணி நேரத்தில் கற்றுக்கொள்ளும்.

பிள்ளை ஏன் ‘வேண்டாம்’ என்கிறது?

“என் மகள் கீரையைக் கண்டாலே முகத்தைத் திருப்புகிறாள்” என்று சொல்லாத தாய் இல்லை. இது பிடிவாதம் அல்ல. இனிப்பை விரும்புவதும் கசப்பைத் தவிர்ப்பதும் குழந்தையின் பிறவிக்குணம். புதிய சுவை ஒன்றை ஏற்க ஒரு குழந்தைக்குப் பத்துத் தடவை, அதற்கு மேலும்கூட அதைச் சுவைத்துப் பார்க்க வேண்டியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கூறுகிறார்கள். நாமோ மூன்றாவது தடவையோடு “இவளுக்குப் பிடிக்காது” என்று முடிவுகட்டிவிடுகிறோம்.

வற்புறுத்தினால் வெறுப்புதான் வளரும். “கீரையைச் சாப்பிட்டால் சாக்லேட்” என்று பேரம் பேசினாலோ, கீரை ஒரு தண்டனை, சாக்லேட்தான் பரிசு என்ற பாடத்தைப் பிள்ளை கற்றுக்கொள்கிறது. ஒரு தேக்கரண்டி வையுங்கள். நீங்கள் அதே உணவை மகிழ்ச்சியோடு உண்ணுங்கள். இன்று விட்டால் அடுத்த வாரம் மீண்டும் வையுங்கள்.

இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. 2014-இல் வெளியான சுவிட்சர்லாந்து ஆய்வு ஒன்றில், 6 முதல் 10 வயது வரையுள்ள 47 குழந்தைகளில் ஒரு பகுதியினர் பெற்றோருடன் சேர்ந்து மதிய உணவைச் சமைத்தனர். மற்றவர்களுக்குப் பெற்றோரே சமைத்தனர். சேர்ந்து சமைத்த குழந்தைகள் பச்சைக்காய்க் கலவையை மற்றவர்களைவிட முக்கால் பங்கு அதிகமாக உண்டனர். தன் கையால் ஆக்கியதை யாரும் எளிதில் ஒதுக்குவதில்லை.

தானியேலும் அவருடைய தோழர்களும் அரசனின் பகட்டான உணவை மறுத்து, பத்து நாள் காய்கறியும் தண்ணீரும் மட்டும் உண்டு, மற்ற இளைஞர்களைவிடக் களையான முகத்தோடு நின்றார்கள் (தானி 1:8-16). அவர்கள் இளைஞர்கள். யாரும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. தாங்களே தேர்ந்துகொண்டார்கள். நம் பிள்ளைகளும் நாளை நாம் அருகில் இல்லாத விடுதியிலும் அலுவலகத்திலும் தாமே தேர்ந்துகொள்ள வேண்டியவர்கள்.

எந்த வயதில் எந்த வேலை?

மூன்று முதல் ஐந்து வயது: முருங்கைக்கீரை உருவுதல், மொச்சை உரித்தல், காய்களைக் கழுவுதல், மாவைக் கையால் கலக்குதல். கொட்டிச் சிந்தினால் கோபிக்க வேண்டாம். சிந்தியதைத் துடைப்பதும் பாடத்தின் ஒரு பகுதிதான்.

ஆறு முதல் எட்டு வயது: பயறில் கல் பொறுக்குதல், அரிசி களைதல், எலுமிச்சை பிழிதல், வாழைப்பழம் அல்லது வேகவைத்த கிழங்கு மசித்தல், படி, ஆழாக்கு, கரண்டி கொண்டு அளத்தல். கணக்குப் பாடமும் சேர்ந்தே நடக்கும்.

ஒன்பது முதல் பதினொரு வயது: பெரியவர் அருகிலிருக்கச் சிறிய கத்தியால் காய் நறுக்குதல், தேங்காய் துருவுதல், சப்பாத்தி மாவு பிசைந்து தேய்த்தல், முட்டை அவித்தல். அரிவாள்மணை இந்த வயதுக்கு வேண்டாம்.

பன்னிரண்டு வயதுக்கு மேல்: அடுப்பைப் பாதுகாப்பாகப் பற்றவைத்தல், சோறு வடித்தல், பருப்பு கடைதல், தாளித்தல், மீன் கழுவிக் குழம்பு வைத்தல். பள்ளிப்படிப்பு முடியும்போது ஒருவேளை முழு உணவைத் தனியாகச் சமைக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

பாதுகாப்பில் சமரசம் கூடாது. தொளதொளவென்ற உடையும் தொங்கும் துப்பட்டாவும் அடுப்பருகில் ஆகாது. தலைமுடியைக் கட்டிக்கொள்ள வேண்டும். பாத்திரங்களின் கைப்பிடி உள்பக்கமாகத் திரும்பியிருக்கட்டும். கொதிக்கும் எண்ணெயும் பிரஷர் குக்கரும் பெரியவர்கள் பொறுப்பு. எரிவாயு வாடை வந்தால் தீக்குச்சியையும் சுவிட்சையும் தொடாமல், சிலிண்டரை மூடி, சன்னல்களைத் திறக்க வேண்டும் என்பது பிள்ளைகளுக்கு மனப்பாடமாக இருக்கட்டும். கையில் சுட்டுக்கொண்டால் உடனே ஓடும் குளிர்ந்த நீரில் இருபது நிமிடம் காட்ட வேண்டும். பற்பசை, பேனா மை, மாவு எதையும் பூசக்கூடாது.

நான்கு வாரம், நான்கு உணவு

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கும் பெற்றோருக்காக ஒரு மாதத் திட்டம் இதோ. வாரம் ஓர் உணவு போதும்.

முதல் வாரம்: முளைகட்டிய பயறு. பாசிப்பயறை இரவில் ஊறவைத்து, காலையில் நீரை வடித்து, ஈரத்துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். மறுநாள் வெள்ளை முளைகள் எட்டிப்பார்க்கும். மூட்டையை அவிழ்க்கும்போது பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். மண்ணில் விழும் கோதுமை மணியைப் பற்றி ஆண்டவர் சொன்னதை (யோவா 12:24) அந்த நிமிடத்தில் பேசினால் போதும். சிறு பிள்ளைகளுக்கு ஆவியில் வேகவைத்து, தேங்காய்த் துருவலும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துக் கொடுங்கள்.

இரண்டாம் வாரம்: முருங்கைக்கீரைப் பொரியல். மரத்திலிருந்து ஒடிப்பது முதல் இறக்குவது வரை பிள்ளையே செய்யட்டும். முட்டை உடைத்து ஊற்றினால் சின்னவர்களுக்கும் பிடிக்கும். கீரையிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்க வைட்டமின் சி உதவும். உடன் ஒரு நெல்லிக்காயோ, கொய்யாவோ, எலுமிச்சைச் சாறோ இருக்கட்டும். தேநீர் இரும்பை உடலில் சேரவிடாது. உணவோடு பிள்ளைகளுக்குத் தேநீர் கொடுக்கும் வழக்கத்தை விடுவோம்.

மூன்றாம் வாரம்: கேழ்வரகு அடை. கேழ்வரகு மாவில் சின்ன வெங்காயம், மீந்த முருங்கைக்கீரை, உப்பு சேர்த்து வெந்நீர் விட்டுப் பிசைந்து, வாழையிலையில் தட்டிக் கல்லில் சுடுவது. இனிப்பு வேண்டுமானால் கருப்பட்டி சேர்க்கலாம். ஆனால் கருப்பட்டியும் ஒருவகைச் சர்க்கரைதான் என்பதால் அளவோடு இருக்கட்டும்.

நான்காம் வாரம்: ஞாயிறு மதிய உணவு. சோறு, பருப்பு அல்லது சாளை மீன் குழம்பு, ஒரு காய், ஒரு கனி. குறைந்த விலையில் கிடைக்கும் சாளை, நல்ல கொழுப்பும் புரதமும் நிறைந்த மீன். பட்டியல் போடுவது, சந்தைக்குப் போவது, சமைப்பது, பரிமாறுவது, பாத்திரம் கழுவுவது அனைத்தும் பிள்ளைகள் பொறுப்பு. 2024-இல் ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட உணவு வழிகாட்டி, தட்டில் பாதி காய்களும் கனிகளும் இருக்க வேண்டும் என்கிறது. பரிமாறும்போது பிள்ளைகளே அதைச் சரிபார்க்கட்டும்.

ஆண் பிள்ளைகளும்தான்

“பொம்பளப் பிள்ளைக்குச் சமைக்கத் தெரியணும்” என்ற பேச்சு இன்னும் நம் வீடுகளில் கேட்கிறது. அதே வயது அண்ணன் கைப்பேசியோடு உட்கார்ந்திருக்க, தங்கை மட்டும் பாத்திரம் தேய்ப்பாள். இது நீதியன்று.

நம் தென்மாவட்டப் பங்குகளில் திருவிழா அசனத்தை நினைத்துப் பாருங்கள். முந்தைய இரவு காய் வெட்டுவது முதல் பெரிய அண்டாக்களில் சோறு பொங்குவது, வாளி தூக்கிப் பரிமாறுவது வரை ஆண்கள் எத்தனை உற்சாகமாகச் செய்கிறார்கள்! கோவில் வளாகத்தில் ஆயிரம் பேருக்குக் கரண்டி பிடிப்பது பெருமை என்றால், வீட்டில் நான்கு பேருக்குப் பிடிப்பது எப்படி இழுக்காகும்? கடற்கரையில் அடுப்பு மூட்டிய ஆண்டவரைவிடவா நம் மகன்கள் பெரியவர்கள்? தந்தையர் வாரம் ஒருநாள் அடுப்படிக்குள் வந்தால், மகன்களுக்குத் தனியாக உபதேசம் தேவையில்லை.

நேரமும் பணமும்

“இதெல்லாம் வசதியுள்ளவர்களுக்கு, சாமி” என்று ஒரு சகோதரி சொன்னார். அவர் அதிகாலையில் உப்பளத்துக்குப் போய் வெயிலில் நின்று வருபவர். அவருடைய களைப்பு எனக்குப் புரிகிறது. பிள்ளை அழும்போது ஐந்து ரூபாய் உறையைக் கையில் கொடுக்கும் தாயைக் குற்றவாளியாக்குவது இக்கட்டுரையின் நோக்கமல்ல.

ஆனால் இரண்டை யோசிக்கலாம். அந்த உறைகளுக்குத் தினமும் செலவாகும் சில்லறையை ஒரு வாரம் சேர்த்துவைத்தால் பயறும் நிலக்கடலையும் வாங்கலாம். முருங்கையும் பப்பாளியும் கொல்லையிலேயே வளரும். அடுத்தது, சமைக்கத் தெரிந்த பிள்ளை களைத்து வரும் தாய்க்குச் சுமையல்ல, துணை. கற்றுக்கொடுக்கும் முதல் சில மாதங்கள் வேலை இரட்டிப்பாகும் என்பது உண்மை. பிறகு ஒரு மாலையில் வீடு திரும்பும்போது அடுப்பில் சோறு வெந்திருக்கும்.

பங்கு என்ன செய்யலாம்?

முதலில் நம்மையே திருத்திக்கொள்வோம். கோடை மறைக்கல்வி வகுப்புகளில் பிள்ளைகளுக்குப் பிஸ்கட்டும் பாக்கெட் குளிர்பானமும் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். வாங்குவது சுலபம் என்பதுதான் காரணம். அதற்குப் பதில் சுண்டல், அவித்த நிலக்கடலை, கொய்யா, பானகம், மோர் என்று அன்பியங்கள் முறைவைத்துக் கொண்டுவரலாம்.

தவக்காலத்தை மறக்க வேண்டாம். பதினான்கு வயது நிறைவடையாதோரை இறைச்சி விலக்கும் ஒழுங்கு கட்டுப்படுத்தாது. ஆயினும் சிறியவர்களும் தவத்தின் உண்மையான பொருளை உணரும்படி பயிற்றுவிப்பது ஆன்மப் பணியாளர்கள், பெற்றோர் கடமை என்கிறது திருச்சபைச் சட்டம் 1252. பாக்கெட் தின்பண்டங்களை நாற்பது நாள் விட்டு, அந்தக் காசை உண்டியலில் சேர்த்து, வெள்ளிக்கிழமைகளில் பிள்ளைகளே கஞ்சியும் துவையலும் செய்து குடும்பத்துக்குப் பரிமாறலாம். நோன்பு, தர்மம், பணிவிடை மூன்றும் அதில் அடங்கும்.

2022-இல் தமிழக அரசு தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2024-இல் ஊரகப் பகுதி அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. நம் பங்குப் பள்ளிகள் பலவற்றின் குழந்தைகள் அதனால் பசியாறுகிறார்கள். அங்கே ஒரு முருங்கையும் ஒரு கீரைப் பாத்தியும் வைத்து மாணவர்களையே பராமரிக்கச் சொன்னால், உணவு மண்ணிலிருந்து வருகிறது என்பது அவர்களுக்கு மறக்காது.

நன்றியோடு முடியும் பாடம்

சமைத்த பிள்ளைக்கு உணவின் அருமை தெரியும். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், ‘இறைவா உமக்கே புகழ்’ என்ற தம் 2015ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் (எண் 227), உணவுக்கு முன்னும் பின்னும் நன்றி செலுத்தும் வழக்கத்தை மீண்டும் கைக்கொள்ள அழைத்தார். உணவை வீணாக்குவது ஏழைகளின் பந்தியிலிருந்து திருடுவது போன்றது என்று 2013-இல் எச்சரித்தவரும் அவரே. ஒரு சிறுவனின் ஐந்து வாற்கோதுமை அப்பங்களை ஆசீர்வதித்துப் பகிர்ந்த இயேசு, எதுவும் வீணாகாதபடி மிச்சத்தைச் சேர்த்து வைக்கச் சொன்னார் (யோவா 6:9-12). உணவு, பகிர்வு, சிக்கனம் என்ற மூன்றையும் ஒரே பந்தியில் அவர் கற்பித்தார்.

கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன அந்தச் சகோதரர்கள் அடுத்த கோடையில் எங்கள் மறைக்கல்வி வகுப்பின் சமையல் நாளுக்கு வந்தார்கள். முருங்கைக்கீரை உருவுவதில் இளையவன் எல்லாரையும் முந்தினான். அடுத்த வாரம் திருப்பலி முடிந்து அவர்களுடைய தாயைப் பார்த்தேன். இருவரும் சேர்ந்து வீட்டில் பொரியல் செய்தார்களாம். “எப்படி இருந்துச்சும்மா?” என்றேன். “உப்புக் கரிச்சுது சாமி” என்று சிரித்தார். “ஆனா சட்டியில ஒரு இலைகூட மிஞ்சல.”

அன்பார்ந்த பெற்றோரே, பாஸ்கா உணவின் நடுவில் பிள்ளைகள், இதன் பொருள் என்ன என்று கேட்பார்கள் என்கிறது விடுதலைப் பயண நூல் (விப 12:26). நம் பிள்ளைகளும் கேட்பார்கள். அவர்கள் கேட்கும் தூரத்தில், நம் அடுப்பருகில், அவர்களுக்கு ஓர் இடம் கொடுப்போம்.

சிந்தனைக்கு

1. என் பிள்ளைக்கு இன்று தனியாகச் சமைக்கத் தெரிந்த உணவு எது?
2. எங்கள் வீட்டு அடுப்படி வேலையில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு இருக்கிறதா?
3. வாரத்தில் எத்தனை வேளை நாங்கள் குடும்பமாகச் செபித்து, சேர்ந்து உண்கிறோம்?

செபம்

கடற்கரையில் உம் சீடர்களுக்கு உணவு சமைத்துக் காத்திருந்த ஆண்டவரே, எங்கள் இல்லங்களின் அடுப்படிக்கும் எழுந்தருளும். எங்கள் பிள்ளைகளின் கைகளுக்குத் திறமையையும், நாவுக்கு நல்ல சுவையையும், உள்ளத்துக்கு நன்றியையும் தாரும். பசித்தோரை மறவாத பந்தியாக எங்கள் பந்தியை மாற்றியருளும். ஆமென்.